ஒரே பானையில் வெந்த மானும் மீனும்

உஸ்த்-லேம் அருங்காட்சியகத்தின் முதல் கூடத்தில் கால் வைத்ததும் கண்ணில் படுவது அந்தப் பானைதான். கண்ணில் படவேண்டும் என்றேதான் அங்கே வைத்திருந்தார்கள். தனியாக ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்கென்று ஒரு விளக்கு, மேலே சிவப்புத் துணியில் 'வடக்கின் மூத்த பானை, வயது எட்டாயிரம்' என்று எழுத்து. பார்த்தால் பெரிய அழகு ஒன்றும் கிடையாது. அடி கூம்பி, சுவர் தடித்து, உடைந்த துண்டுகளை ஒட்டி நிறுத்திய ஒரு மண்பானை. விளிம்புக்குக் கீழே ஒரு வரிசைக் குழி, அதற்குக் கீழே சீப்புப் பல்லை அழுத்திய தடங்கள். உள்ளே கருகிப்போன குழம்பின் காந்தல், அவ்வளவுதான்.

ஆனால் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பெருமைப்பட வேறு என்ன இருந்தது? மரம் அறுக்கும் ஆலை மூடிக் கிடந்தது. எண்ணெய் தேடி வந்தவர்கள் பெச்சோரா ஆற்றின் மேற்பக்கம் நகர்ந்து போய்விட்டார்கள். மிச்சம் இருந்த பானையைத் தலையில் தூக்கி வைத்து ஆடினோம். மிட்டாய்ப் பெட்டியில் பானைப் படம், பேருந்து நிறுத்தத்தில் பானைப் படம், வோட்கா புட்டியில்கூட ஒட்டிப் பார்த்தார்கள்.

அந்த எட்டாயிரம் தப்பு என்று ஊரில் ஒருத்திதான் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் நிறுத்தியும் விட்டாள். அக்னியா எலிஸாரொவ்னா வொகூயெவா என்பது அவளுடைய முழுப்பெயர். பானை இருந்த கூடத்துக்கு நேர் கீழே, நிலவறையில், சேமிப்பறையின் பொறுப்பாளராக அவள் உட்கார்ந்திருந்தாள்.

அவள் அங்கே உட்காரப் பிறந்தவள் இல்லை. யாக்-தி ஏரிக்கரையில் அந்தப் பானையைத் தோண்டி எடுத்த குழுவில் பானை ஓடுகள் முழுக்க அவள் கையில்தான் இருந்தன. ஓட்டை எடுத்தால் முதலில் உடைந்த விளிம்பைப் பார்ப்பாள். களிமண்ணோடு என்ன கலந்திருக்கிறது, இடித்த கல்லா, இறகா, சுட்ட எலும்பா என்று பார்ப்பாள். பிறகு மண்பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று எப்படி ஒட்டியிருக்கிறார்கள் என்பது. எல்லாரும் முதலில் வாயைப் பிளந்து பார்க்கிற வேலைப்பாடு அவளுக்குக் கடைசி. இப்படி யாக்-தி ஓடுகளை மூன்று வகையாகப் பிரித்தாள். கல் கலந்தது முதல் வகை, இறகு கலந்தது இரண்டாம் வகை, சுட்ட எலும்பு கலந்தது மூன்றாம் வகை. வயதில் மூன்றாவதுதான் இளையது, ஆறாயிரத்தைத் தாண்டி அதிகம் போகாது என்பது அவள் கணக்கு. மண் அடுக்கும் அப்படித்தான் சொன்னது. அந்தப் பெரிய பானை மூன்றாம் வகை.

குழுவின் தலைவர் ரோதியோன் சாவெலிச் சுப்ரோவ், அவளோடு ஒரே வகுப்பில் படித்தவர். அவர் பானைக்குள் ஒட்டியிருந்த காந்தலைச் சுரண்டி, காலம் கணிக்கிற ஆய்வகத்துக்கு அனுப்பினார். எட்டாயிரம் என்று பதில் வந்தது. மாஸ்கோவிலிருந்து வாழ்த்து வந்தது, தொலைக்காட்சி வந்தது, ஆய்வு நிறுவனத்தின் தலைமைப் பதவியும் பின்னாலேயே வந்தது. பதவி வருவதற்கு முன் நடந்த கூட்டத்தில் அக்னியா எழுந்து நின்று, இது நடக்காத காரியம் என்றாள். மூன்றாம் வகை முதல் வகையைவிட மூத்ததென்றால் மகள் அம்மாவுக்கு முன்னால் பிறந்தாள் என்று அர்த்தம் என்றாள்.

ரோதியோன் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே சபையைப் பார்த்தார்.

"ஆய்வகத்துல கருவி இருக்கு. நம்ம அக்னியாகிட்ட விரல் நுனி இருக்கு. எத நம்பறதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அவளோடு ஏரிக்கரையில் ஒரே சட்டியில் சாப்பிட்டவர்களும் சிரித்தார்கள். அடுத்த வருஷம் ஆட்குறைப்பு வந்தபோது முதல் பெயர் அவளுடையது. அருங்காட்சியகம் இரக்கப்பட்டு நிலவறையில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தது.

தப்பு எங்கே நடந்தது என்பது அவளுக்கே சில வருஷம் கழித்துத்தான் பிடிபட்டது. யாக்-தி ஏரியின் அடியெல்லாம் சுண்ணாம்புப் பாறை. அந்த முகாமில் டீ கெட்டிலின் உள்ளே வெள்ளையாகப் படிவதைச் சுரண்டுவதே தினம் ஒரு வேலையாக இருந்தது. கருவி வயதைக் கணிப்பது கரியை வைத்துத்தான்; பாறையில் இருக்கிற பழைய கரி தண்ணீரில் கரைகிறது. தண்ணீரிலிருந்து பாசிக்குப் போகிறது, பாசியிலிருந்து மீனுக்கு. இன்றைக்குப் பிடித்த மீனைக் கருவியில் வைத்தால்கூட, செத்து எத்தனையோ காலம் ஆனதுபோல் காட்டும். பானையில் கருகியிருந்தது மீன் குழம்பு. வேறு எந்த ஊர்க்காரனாவது 'உள்ளே என்ன சமைத்தார்கள்' என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பான். நாங்கள் கேட்கமாட்டோம். விடிந்தால் மீன், பொழுது போனால் மீன், கல்யாணத்துக்கும் சாவுக்கும் மாவுக்குள் முழு மீனை வைத்துச் சுட்ட அப்பம். மீனை எங்கள் ஊரில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இதைச் சொல்ல அவள் நிறுவனத்துக்கே நடந்து போனாள். ரோதியோன் தாழ்வாரத்தில் மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டார். "மீன் குழம்புக்கு வயசாகுமா அக்னியா? போய் ரெஸ்ட் எடு," என்று தோளைத் தட்டிவிட்டு வண்டியில் ஏறிப் போனார். அன்றோடு அவள் வாயை மூடிக்கொண்டாள்.

வாயைத்தான் மூடினாள், கையை மூடவில்லை. சேமிப்பறையின் அலமாரிகள் முழுக்க அவளுடைய வகைப்பாட்டின்படிதான் இருந்தன. மூன்றாம் வகை வரிசையின் நடுவில் ஒரு பானை நிற்கிற அளவுக்கு இடம் காலியாக இருக்கும். இட நெருக்கடி என்று மேலே இருப்பவர்கள் எத்தனை கத்தினாலும் அங்கே வேறு எதையும் வைக்க விடமாட்டாள். அதே அலமாரியின் உச்சியில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி. அதற்குள் ஒரு கலைமானின் விலா எலும்புத் துண்டு. பானையின் கூம்பிய அடியில், காந்தலுக்குள் புதைந்து கிடந்த துண்டு. மீனோடு சேர்ந்து அதே குழம்பில் வெந்தது.

மான் தின்பது நிலத்தில் வளரும் புல்லையும் செடியையும். ஏரியின் சுண்ணாம்பு அதை அண்டாது. ஆகவே அந்த விலா பொய் சொல்லாது. ஆனால் தோண்டிய காலத்தில் எலும்பின் வயதைப் பார்க்க ஒரு கை நிறைய எலும்பு வேண்டும், இதுவோ ஒரு விரல் நீளம். இப்போது பட்டாணி அளவு போதும். ஆனால் அகழாய்வுத் தலைவரின் கையெழுத்து இல்லாமல் ஒரு துகள் வெளியே போகாது. தலைவர் யார் என்று மறுபடி சொல்ல வேண்டியதில்லை. ஒரு குளிர்காலத்தில் சூடாக்கும் குழாய் வெடித்து நிலவறையில் வெந்நீர் பாய்ந்தபோது, கணுக்கால் வெந்துபோக அவள் முதலில் தூக்கிக்கொண்டு ஓடியது அந்த அட்டைப்பெட்டியைத்தான்.

இப்படியே அவள் ஓய்வு பெற்றிருப்பாள். ஆற்றில் பனி இளகத் தொடங்கிய ஒரு நாள் ரோதியோனே படியிறங்கி வந்தார். உடம்பு பெருத்திருந்தது, மூச்சு வாங்கியது. கையில் பானைப் படம் போட்ட மிட்டாய்ப் பெட்டி.

"எப்படி இருக்க அக்னியா?"

"உக்காருங்க, ரோதியோன் சாவெலிச்."

படிக்கிற காலத்தில் அவர் அவளுக்கு ரோத்யா. அந்தக் கூட்டத்துக்குப் பிறகு 'நீங்க'வும் சாவெலிச் என்ற தகப்பன் பெயரும் சேர்ந்துகொண்டன. மரியாதை என்று யாரும் தப்பாக நினைக்க வேண்டாம், முகத்தில் அடித்து மூடுகிற கதவு அது. அவருக்கும் அது தெரியும்.

"இன்னுமா இந்த நீங்க நாங்க? ஒரே கொசுவலைக்குள்ள கெடந்தவங்க நாம."

"கொசு நல்லா ஞாபகம் இருக்கு. சொல்லுங்க, என்ன விஷயம்?"

அவர் மிட்டாய்ப் பெட்டியை மேஜையில் வைத்தார். பின்லாந்துக்காரர்கள் தங்கள் பக்கத்து ஏரிகளில் காந்தலையும் எலும்பையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார்களாம். மீன் காந்தல் எல்லாம் வயதைக் கூட்டிக் காட்டுகிறதாம். அடுத்ததாக யாக்-தியைப் பற்றி எழுதப்போகிறார்களாம்.

"அவங்க சொல்றதுக்கு முன்னாடி நாம சொல்லிடணும்," என்றார்.

"நாமன்னா யாரு?"

"நான், நீ, நம்ம ஊரு. அந்த விலா எலும்பு இருக்கா? குழாய் வெடிச்சப்பவே போயிருக்கும்னு நெனச்சேன்."

போய்விட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவரே அந்த வார்த்தையை எடுத்துக் கொடுத்துவிட்டார். பின்லாந்துக்காரர்கள் நாலு பேர் முன்னால் அவரைக் கிழித்துத் தொங்கவிடுவார்கள், அவள் நிலவறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே கேட்கலாம். இத்தனை வருஷத்து வயிற்றெரிச்சல் ஒரு நாளில் ஆறும். சொல்ல வாயைத் திறந்தும் விட்டாள்.

ஆனால் விலா இல்லாமல் பின்லாந்துக்காரர்களால் சந்தேகத்தைத்தான் கிளப்ப முடியும். பானை எட்டாயிரத்துக்கும் ஆறாயிரத்துக்கும் நடுவில் அந்தரத்தில் தொங்கும். தன் மூன்றாம் வகை நின்ற இடம் சரிதானா என்பது சாகிறவரை அவளுக்கே தெரியாமல் போகும். அதை அவளால் தாங்க முடியாது. சில பேருக்குச் சொத்தில் ஆசை, சில பேருக்குப் பிள்ளைகள்மேல் ஆசை. இவளுக்கு இது.

"இருக்கு," என்றாள்.

ரோதியோனின் முகம் மலர்ந்ததைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

"ஆனா சும்மா தரமாட்டேன். மூணாம் வகையப் பிரிச்சது யாரு, அது இளசுன்னு அப்பவே சொன்னது யாருன்னு எழுதணும். கட்டுரை தலைப்புக்குக் கீழ உங்க பேருக்குப் பக்கத்துல என் பேரும் இருக்கணும்."

"பக்கத்துல என்ன பக்கத்துல? முன்னாடியே போடறேன்." நெஞ்சில் கையை வைத்தார். "ஏன், என்மேல நம்பிக்கை இல்லையா?"

இல்லை என்பதுதான் உண்மை. இருந்தும் ஏணி போட்டு ஏறி அட்டைப்பெட்டியை எடுத்துக் கொடுத்தாள்.

மத்தியானம் மேல் கூடத்துக் காவல்காரி கிளாஃபிரா வழக்கம்போல் சாப்பாட்டு மூட்டையோடு கீழே வந்தாள். உப்பில் ஊறி நாறிப்போன பெச்சோரா மீனை வைத்துச் சுட்ட அப்பம். வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள், எங்களுக்கு அதுதான் ருசி. விஷயத்தைக் கேட்டதும் மெல்லுவதை நிறுத்தினாள்.

"குடுத்துட்டியா? அந்த எலும்ப ஒரு நாய்க்குப் போட்டிருந்தா வாலாவது ஆட்டியிருக்கும்."

"எழுதறேன்னு சொல்லியிருக்கார்டி."

"சொல்லுவாரு. அவரு வாய்க்கு என்ன, வாடகையா குடுக்கறாரு?"

கோடையில் முடிவு வந்தது. ரோதியோன் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார். விலாவுக்கு வயது ஆறாயிரத்துச் சொச்சம். ஒரே குழம்பில் வெந்த மானுக்கும் மீனுக்கும் கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருஷ வித்தியாசம். "நீ எங்க நிறுத்துனியோ அங்கயேதான் நிக்குது," என்றார். குரலில் நிஜமான மரியாதை இருந்தது. அன்று சாயங்காலம் அக்னியா ஆற்றங்கரை வழியாக, சுற்றுவழியில் வீட்டுக்கு நடந்து போனாள். வழியில் பார்த்தவர்களை எல்லாம் நிறுத்தி வானிலை பற்றிப் பேசினாள். அவள் சந்தோஷமாக இருந்தாள், அதை மறைப்பானேன்.

இலை உதிர்ந்து முதல் பனி விழுந்ததும் அருங்காட்சியகத்தில் கூட்டம் போட்டார்கள். பானை இருக்கிற கூடத்திலேயே நாற்காலிகள். நகரசபைக்காரர்கள், பள்ளிக்கூட ஆசிரியர்கள், பத்திரிகைக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். அருங்காட்சியகத் தலைவி இராயிதா புதுச் சால்வை போர்த்தியிருந்தாள். அக்னியா இரண்டாவது வரிசையில், இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தாள்.

ரோதியோன் கண்ணாடிப் பெட்டியின்மேல் கையை வைத்துக்கொண்டு பேசினார். "இருபது வருஷமா உங்களுக்கெல்லாம் ஒரு தப்பச் சொல்லிட்டிருந்தேன்," என்று தொடங்கினார். ஏரிக்கரை முகாமில் டீ கெட்டிலைச் சுரண்டியதைச் சொன்னார். ஒரு நாள் அந்த வெள்ளைப் படிவைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் தனக்குப் பொறி தட்டியது என்றார். கெட்டிலை ஒரு நாளும் அவர் கையால் தொட்டது கிடையாது. மீனைப் பற்றிச் சொன்னார், மானைப் பற்றிச் சொன்னார். "ஒரு விஞ்ஞானிக்குத் தன் தப்பத் தானே உடைக்கிறதவிடப் பெரிய கடமை கிடையாது," என்று முடித்தார்.

எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஓர் ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எட்டாயிரம் என்று சொன்னபோது வந்த கைதட்டலைவிட இது பெரிது.

சத்தம் ஓய்ந்ததும் அக்னியா எழுந்தாள்.

"ஒரு கேள்வி, ரோதியோன் சாவெலிச். மூணாம் வகைன்னு சொன்னீங்களே, அத யாரு பிரிச்சது?"

அவர் தடுமாறுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவரோ இரண்டு கையையும் விரித்தார்.

"வேற யாரு? நம்ம அக்னியா எலிஸாரொவ்னாதான். கருவி பொய் சொல்லும், இவங்க விரல் நுனி சொல்லாது."

எல்லாரும் சிரித்தார்கள். பிரியமாகத்தான் சிரித்தார்கள். ஆனால் அது அதே சிரிப்பு. அன்றைக்கு அவளை வேலையை விட்டுத் துரத்திய அதே விரல் நுனியை இன்றைக்குப் பூச்செண்டாக்கி நீட்டிவிட்டார். அவள் உட்கார்ந்தாள். வேறு என்ன செய்ய முடியும்?

வாசலில் கட்டுரையின் பிரதிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். தலைப்புக்குக் கீழே ஒரே பெயர். கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லியிருந்தது. படகோட்டிக்கு, முகாம் சமையல்காரருக்கு, பிறகு 'பெட்டியைப் பத்திரமாக வைத்திருந்த சேமிப்பறைப் பொறுப்பாளர் அ. வொகூயெவாவுக்கு'.

மேல்கோட்டு மாட்டுகிற இடத்தில் அவரைப் பிடித்தாள். கட்டுரையை அவர் மார்புக்கு நேராக நீட்டினாள்.

"என் பேரு எங்க ரோத்யா?"

இத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெயரைக் கேட்டதும் அவர் முகம் ஒரு கணம் இளகியது. சமாதானமாகிவிட்டாள் என்றே நினைத்துவிட்டார்.

"போட்டுத்தான் அனுப்பலாம்னு இருந்தேன். அப்பறம் யோசிச்சுப் பாத்தேன். இது என்ன கட்டுரை? நான் என் தப்ப ஒத்துக்கற கட்டுரை. அதுல உன்ன எதுக்கு இழுக்கணும்? தப்புப் பண்ணவன் நான். உன்மேல ஒரு தப்பும் இல்லையே."

அவர் நடிக்கவில்லை. அதுதான் அவளை அடித்துப் போட்டது. அவர் அதை மனதார நம்பினார், அவளுக்கு நல்லது செய்ததாகவே நினைத்தார். தப்புச் சொன்னவனுக்குத்தான் திருத்துகிற உரிமை. சரியாகச் சொன்னவளுக்கு அந்தக் கதையில் இடமே இல்லை. அவர் அவள் தோளைத் தட்டிவிட்டு வண்டியில் ஏறினார்.

அடுத்த வாரம் இராயிதா நிலவறைக்கு வந்தாள்.

"பானைய எறக்கச் சொல்லிட்டேன் அக்னியா எலிஸாரொவ்னா. எங்கயாவது ஓரமா வைங்க."

"ஏன்?"

"எட்டாயிரத்தப் பாக்கத்தான் ஜனங்க டிக்கெட் வாங்கினாங்க. ஆறாயிரத்துல பானை எந்த ஊர்ல இல்ல? அந்தப் பெட்டில இப்ப ரோதியோன் சாவெலிச்சோட படம், கட்டுரை, அந்த விலா எலும்பு மூணையும் வைக்கறோம். 'உண்மை பேசிய எலும்பு'ன்னு தலைப்பு. நல்லா இருக்கில்ல?"

அக்னியா நல்லா இருக்கு என்றாள்.

கிளாஃபிராவும் தச்சரும் பானையைக் கம்பளியில் சுற்றித் தூக்கி வந்தார்கள். தச்சர் போனதும் அக்னியா அதைத் தானே எடுத்து, மூன்றாம் வகை வரிசையில், காலியாக வைத்திருந்த இடத்தில் நிறுத்தினாள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்த ஓடுகளோடு அது கச்சிதமாகப் பொருந்தியது. சீப்புப் பல்லின் தடம் பக்கத்து ஓட்டில் விட்ட இடத்திலிருந்து தொடர்வதுபோல் இருந்தது. இந்த நிமிஷத்துக்காகத்தான் அந்த இடத்தை இத்தனை வருஷம் காத்து வந்தாள். சந்தோஷம் வரும் என்று நின்று பார்த்தாள். வரவில்லை.

பிறகு பானைக்குள் கையை விட்டாள். கூம்பிய அடியில், காந்தலின் நடுவே, விலா கிடந்த பள்ளம் விரலுக்குத் தட்டுப்பட்டது. ஒரே குழம்பில் வெந்து, ஆறாயிரம் வருஷம் ஒன்றாகக் கிடந்தவற்றில் ஒன்று மேலே விளக்கு வெளிச்சத்தில் இருந்தது, ஒன்று கீழே இருந்தது. பிரித்துக் கொடுத்தது அவள் கைதான்.

"என்னடி அப்படியே நிக்கற?" என்றாள் கிளாஃபிரா. "இனிமே பானை உன்னோடதுதான, வெச்சுக்க. யாரும் கேக்கமாட்டாங்க."

"ஆமா," என்றாள் அக்னியா. "இனிமே யாரும் கேக்கமாட்டாங்க. கதவச் சாத்து, ஈரம் உள்ள வருது."